ஹீமோகுளோபின் 12.1: ரத்தம் எடுக்கல, என்ன செய்ய?

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு. மூணு மாசத்துக்கு ஒருக்கா ரத்ததானம் கொடுப்பேன். இந்தத் தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. வழி சொல்லுங்க அண்ணன்மாரே.

பதில்: 12.5 வேணும். காப்பர் சல்பேட் கரைசல்ல விட்ட ரத்தச் சொட்டு 15 விநாடிக்குள்ள மூழ்கணும், மிதந்தா எடுக்க மாட்டாங்க. விரலைப் போட்டுப் பிதுக்கினா திசுநீர் கலந்து குறைச்சுக் காட்டும். மெஷின்லயும் பாக்கச் சொல்லுங்க.

பதில்: பிதுக்கினது மட்டும் காரணமா இருக்காது. 450 மில்லியோட 200 மில்லிகிராமுக்கு மேல இரும்பு போயிருது. 90 நாள்ல ஹீமோகுளோபின் ஏறினாலும் சேமிப்பு ஏறாது. பெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டுற ரத்தப் பரிசோதனை) பாருங்க, மாத்திரை டாக்டர் சொன்னா மட்டும். மரச்சீனியில (மரவள்ளி) இரும்பு கொஞ்சந்தான், கூட சாளைமீன் வேணும். சாப்பிட்ட கையோட கட்டஞ்சாயா (பால் இல்லாத டீ) குடிக்கிறதுதான் நம்மூர் வியாதி, அது இரும்பை உடம்புல சேரவிடாது, ஒரு மணிநேரம் தள்ளுங்க.

பதில்: அடுத்து கொடுக்கிற அன்னைக்கு பால்வெட்டு வேண்டாம். குனிஞ்சு நிமிந்தா தலைசுத்தும், கையில கத்தி வேற.