மறு: லோ லோடு டிரெய்னிங் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். குறைந்த எடையைத் தசை ஓயும்வரை திரும்பத் திரும்ப அசைக்கும் பயிற்சியைத்தான் ஆங்கிலத்தில் லோ லோடு டிரெய்னிங் என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இங்கே நடக்கும் பேச்சுக்கு என் பதில் இது.

> ‘மென்பயிற்சி’ என்றே வைத்துவிடலாமே. சின்னதாக, அழகாக இருக்கிறது.

அழகான சொல்தான் ஐயா. போன வருடம் ஒரு கையேட்டை மொழிபெயர்த்தபோது நானும் அதையேதான் போட்டேன். அதைப் படித்துவிட்டு அம்மா பயிற்சி செய்ததைப் பார்த்த பிறகு மனம் மாறிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து, கணுக்காலில் ஒரு கிலோ மணல் பையைக் கட்டிக்கொண்டு, காலை நீட்டி மடக்க வேண்டும். பத்து முறை நீட்டினார், நிறுத்திவிட்டார். “மென்பயிற்சின்னுதானே போட்டிருக்கு? கஷ்டப்படாம செய்யணும்னு நினைச்சேன்” என்றார். அவர் மேல் தப்பே இல்லை. சொல் அப்படித்தான் சொல்கிறது.

இதில் எடைதான் குறைவு, உழைப்பு குறைவில்லை. லேசான எடை என்றால் உடல் முதலில் சிறிய தசையிழைகளை மட்டும் வேலைக்கு இழுக்கும். அவை களைக்கக் களைக்கத்தான் பெரிய இழைகளுக்கு முறை வரும். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை வைத்துச் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஒரு முறை மட்டும் தூக்க முடிகிற அதிகபட்ச எடையில் 30 சதவீதத்தோடு கால் ஓயும்வரை நீட்டியவர்களுக்கும் 80 சதவீதத்தோடு செய்தவர்களுக்கும் 10 வாரத்தில் தொடைத் தசை ஏறக்குறைய ஒரே அளவு பருத்தது. வலு மட்டும் கனமான எடைக்காரர்களுக்குக் கூடுதலாக ஏறியது. அந்த ‘ஓயும்வரை’யை ‘மென்’ மறைத்துவிடுகிறது.

அதனால் என் பரிந்துரை: இளஞ்சுமைப் பயிற்சி. இளஞ்சூடு மாதிரி. ‘இளம்’ சுமையோடு ஒட்டிக்கொள்கிறது, பயிற்சியை இளக்குவதில்லை. எதிர்ச்சொல்லும் தானாகவே கிடைக்கிறது: கடுஞ்சுமை.

> ஹைப்பர்ட்ரோபிக்கு, அதாவது தசை பருப்பதற்கு, ‘தசைப் பெருக்கம்’ போதாதா?

பெருக்கம் என்றால் மக்கள்தொகைப் பெருக்கம் போல எண்ணிக்கை கூடுவதாகப் படுகிறது. இங்கே பெரும்பாலும் இருக்கிற இழைதான் தடிக்கிறது. ‘மிகைவளர்ச்சி’ நோய் மாதிரி ஒலிக்கிறது. இதயச் சுவர் தடிப்பதற்கு வேண்டுமானால் அது பொருந்தலாம். தோள் திரண்டிருக்கிறது என்று நாம் சொல்வது வழக்கம்தானே? ‘தசைத் திரட்சி’ என்றே வைக்கலாம். சில ஊர்களில் பெண் வயதுக்கு வருவதைத் திரண்டுவிட்டாள் என்பார்கள், தெரியும். முன்னால் ‘தசை’ நிற்பதால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

அப்புறம், அந்த ‘ஓயும்வரை’ என்கிற கட்டத்துக்கு ஒரு பெயர்ச்சொல் வேண்டும். ‘ஓய்நிலை’ என்று யோசித்தேன். ஆனால் அச்சில் ‘ஓய்வுநிலை’ ஆகிவிட்டால் பொருளே தலைகீழாகிவிடும். நெல் குத்தியவர்கள், தறியில் உட்கார்ந்தவர்கள் வீட்டில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். கை இனி எழும்பாது என்கிற அந்த நேரத்துக்கு அவர்களிடம் ஒரு சொல் இருக்கும்.

அம்மா இப்போது 27 வரை போகிறார். கடைசி நாலைந்தில் தொடை நடுங்குகிறது.

அன்புடன்