இன்டிசைன் லைப்ரரியை மூன்று கணினிகளில் எப்படிப் பகிர்கிறீர்கள்?

வணக்கம். கும்பகோணத்தில் அச்சக வேலை. கல்யாணப் பத்திரிகையும் கும்பாபிஷேகப் பத்திரிகையும்தான் அதிகம். பிள்ளையார் சுழி, பூர்ணகும்பம், குத்துவிளக்கு, யாளி பார்டர், 'நிகழும் மங்களகரமான' பத்தி என்று எல்லாவற்றையும், பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் ஒரே லைப்ரரி கோப்பில் சேர்த்திருக்கிறோம். இழுத்துப் போட்டால் எழுத்தின் ஸ்டைல், நிறம், அளவு அப்படியே வந்துவிடும். அருமையான வசதி.

ஆனால் ஒருவர் திறந்திருக்கும்போது அடுத்தவரால் அந்தக் கோப்பைத் திறக்க முடியாது. லாக் செய்தால் எல்லோரும் திறக்கலாம், புதிதாக எதையும் சேர்க்க முடியாது. அப்புறம், உள்ளே இருக்கும் படங்கள் வெறும் லிங்க்தான். மூலப் படத்தை வேறு ஃபோல்டருக்கு மாற்றினால் லிங்க் அறுந்துவிடுகிறது. கோபுரப் படம் மங்கலாக அச்சாகி வந்தால் கோயில்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது?

ஒவ்வொன்றையும் தனித்தனி ஸ்னிப்பெட்டாக (வடிவமைத்த துண்டை மட்டும் சேமிக்கும் சிறு கோப்பு) சர்வர் ஃபோல்டரில் வைக்கலாமா, இணையம் வழியாகப் பகிரும் கிளவுட் லைப்ரரிக்கே போய்விடலாமா? எனக்கு ஸ்னிப்பெட்தான் சரியென்று படுகிறது, இங்கே நெட் அடிக்கடி போய்விடும். படங்களை எம்பெட் செய்துவிட்டு, அதாவது லிங்க் இல்லாமல் படத்தையே உள்ளே வைத்துவிட்டு, சேர்ப்பவர்கள் இருக்கிறீர்களா? கோப்பு ரொம்பப் பெருத்துவிடுமா? பெயர் வைக்கும் முறையையும் சொல்லுங்கள். ஆடியில் முகூர்த்த வேலை இருக்காது, அதற்குள் ஒழுங்குபடுத்திவிட வேண்டும்.