கருனியின் வெப்ப மேலாண்மைக்குத் தமிழ்ச்சொற்கள்: ‘வேகத்தணிப்பு’ பற்றி

நண்பர்களுக்கு வணக்கம்.

லினக்ஸ் கருனியின் (‘கெர்னல்’, வன்பொருளை நிர்வகிக்கும் இயங்குதள மையம்) வெப்ப மேலாண்மைப் பகுதிக்குத் தமிழில் விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு சிறிய பலகைக் கணினியில் வரைகலைச் செயலிக்கான இயக்கியை (‘டிரைவர்’) சேர்த்தபோது தொடங்கிய வேலை இது. (வரைகலையா, வரைவியலா என்ற பழைய வழக்கை இங்கே திறக்க வேண்டாம். இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன, நான் முதலாவதை எடுத்துக்கொள்கிறேன்.) எனக்குப் பெரிய சிக்கலாக இருப்பது ‘த்ராட்லிங்’, அதாவது சூடு ஏறும்போது செயலியின் வேகத்தைக் குறைப்பது.

இதுவரை மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன: வெப்பத் தடுப்பு, வேகக் கட்டுப்பாடு, வெப்ப நெரிப்பு. தடுப்பு என்றால் வெப்பத்தை வரவிடாமல் மறிப்பது. இங்கே வெப்பம் ஏறிய பிறகுதான் வேலையே தொடங்குகிறது. வேகக் கட்டுப்பாடு மிகவும் பொதுவான சொல். சூடே இல்லாத நேரத்திலும் மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கருனி வேகத்தை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறது. நெரிப்பு சொல்லின் வேரைப் பிடித்துப் போகிறது. ஆங்கிலச் சொல் தொண்டை என்பதிலிருந்து பிறந்து, நீராவி எஞ்சினில் ஆவியின் வழியைக் குறுக்கும் வால்வுக்குப் பெயராகி நம் துறைக்கு வந்தது உண்மைதான். ஆனால் தமிழில் நெரித்தால் மூச்சு நின்றுவிடும். செயலி நிற்பதில்லை, மெதுவாக ஓடுகிறது.

என் பரிந்துரை, வேகத்தணிப்பு. தீயைத் தணித்து வை என்றால் யாரும் அதை அணைத்துவிட மாட்டார்கள். குறைத்து எரிய விடுவார்கள். சூடு பிறக்கும் இடத்திலேயே அதைக் குறைப்பது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. தன்வினை, பிறவினை இரண்டும் கைவசம் உள்ளன: வேகம் தணிந்தது, கருனி வேகத்தைத் தணித்தது. பதிவேட்டுச் செய்திகளை மொழிபெயர்க்கும்போது இந்த வசதி நிறைய உதவும்.

இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கருனி வெப்பத்தை எதிர்கொள்ளும் வழிகளை ‘ஆக்டிவ்’, ‘பாசிவ்’, ‘கிரிட்டிகல்’ என்று பிரிக்கிறது. முதலாவதில் விசிறி சுழலும். இரண்டாவதில் செயலியின் வேகம் குறையும். மூன்றாவதில் கணினியே நிறுத்தப்படும். ‘பாசிவ்’ என்பதைச் செயலற்ற குளிர்விப்பு என்று எழுதினால், கருனி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். உண்மையில் அப்போதுதான் அதற்கு ஓயாத வேலை. வெப்பநிலையை அடிக்கடி படிக்க வேண்டும், வேகத்தைப் படிப்படியாக இறக்க வேண்டும், ஆறியதும் திரும்ப ஏற்ற வேண்டும். போதாததற்கு, வன்பொருள்காரர்கள் இதே சொல்லை விசிறி இல்லாத உலோகத் தகட்டுக்கும் சொல்கிறார்கள். தமிழில் இந்த மூன்றுக்கும் மூன்று தனி வினைகள் கிடைக்கின்றன: ஆற்றுதல், தணித்தல், அணைத்தல். அடைமொழியே வேண்டாம். ‘ஆற்றல்’ என்று எழுதாமல் ‘ஆற்றுதல்’ என்றே எழுதிவந்தால் எனர்ஜியோடு குழப்பம் வராது.

நான் முதலில் இயக்கியை மட்டும் சேர்த்துவிட்டு வெப்ப மேலாண்மையோடு இணைக்காமல் விட்டிருந்தேன். படம் நன்றாகத் தெரிந்தது. கனமான வேலை கொடுத்ததும் பலகை சட்டென்று நின்றுபோனது. தணித்தல் என்ற நடுப்படி இல்லாததால் நேரே அணைத்தலுக்குப் போயிருக்கிறது. இந்தச் சொற்கள் அப்போதே இருந்திருந்தால், எந்தப் படி விடுபட்டது என்று இன்னும் சீக்கிரம் கண்டுபிடித்திருப்பேன்.

அடுத்தது ‘கூலிங் டிவைஸ்’. இதைக் குளிர்விப்புக் கருவி என்று பெயர்க்கக் கூடாது. ஏனென்றால் சூட்டை உண்டாக்கும் வரைகலைச் செயலியே கருனியில் இந்தப் பெயரில்தான் பதிவாகிறது! தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளச் சம்மதிப்பதால் அதற்கு அந்த இடம். விசிறி, செயலி இரண்டுக்கும் பொருந்த ‘வெப்பக்குறைப்பான்’ என்று வைக்கலாம். அதன் நிலை எண்ணைக் ‘குறைப்பு நிலை’ என்று சொல்ல வேண்டும், வேக நிலை என்று சொல்லக் கூடாது. செயலியைப் பொறுத்தவரை 0 என்றால் முழு வேகம். எண் ஏற ஏற வேகம் இறங்கும். இங்கே சொல் தவறினால் படிப்பவர் எல்லாவற்றையும் தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘தெர்மல் ஸோன்’ (கருனி வெப்பநிலையைக் கண்காணிக்கும் ஒரு பகுதி) என்பதை வெப்ப மண்டலம் என்று தயவுசெய்து எழுதாதீர்கள், அது புவியியலில் ஏற்கெனவே இருக்கும் சொல். வெப்பப் பகுதி போதும். எந்த வெப்பநிலையைத் தொட்டால் கருனி நடவடிக்கை எடுக்குமோ அதுதான் ‘ட்ரிப் பாயின்ட்’. அதில் வரும் ட்ரிப்புக்கும் பயணத்துக்கும் தொடர்பில்லை. மின்சுற்று ‘ட்ரிப்’ ஆகிறது என்கிறோமே, அந்த ட்ரிப். தூண்டு வெப்பநிலை என்று எழுதுகிறேன். ‘ஹிஸ்டெரிசிஸ்’ என்பதற்கு இயற்பியல் பாடநூலில் ‘தயக்கம்’ என்ற சொல் இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்ளலாம், அழகாகவும் பொருந்துகிறது: 75 டிகிரியில் தணிக்கத் தொடங்கி, தயக்கம் 2 டிகிரி என்றால், 73-க்குக் கீழே இறங்கும் வரை கருனி அந்த நிலையைக் கைவிடத் தயங்கும். கருனி படிக்கும் அமைப்புக் கோப்பில் இவை 75000, 2000 என்று இருக்கும், அலகு மில்லி டிகிரி செல்சியஸ். எப்போது எவ்வளவு குறைப்பது என்று முடிவு செய்யும் ‘கவர்னர்’ ஆளுநர் ஆகிவிடக் கூடாது. 1788-இல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினின் வேகத்தைச் சீராக வைக்கப் பொருத்திய கருவியின் பெயர் அது, எனவே சீராக்கி.

ஒன்றுக்கு மட்டும் என்னிடம் விடையில்லை. ‘ஹாட்’ என்றொரு தூண்டு வெப்பநிலையும் உண்டு. அதைத் தொட்டதும் கருனி தானாக எதையும் குறைப்பதில்லை, இயக்கிக்குத் தகவல் மட்டும் சொல்கிறது. எச்சரிக்கை என்று எழுதிப் பார்த்தேன், ஆனால் மற்ற எச்சரிக்கைச் செய்திகளோடு கலந்துவிடுகிறது. ஆற்று, தணி, அணை என்ற வரிசையில் சேரும்படி ஒரு வினை யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.