நெல்லையில் முதல் முதலீடு: காலி மனையா, பழைய வீடா?

பேட்டைக்காரன்:
அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம். பேட்டையில் பெற்றோருடன் சொந்த வீட்டில் இருப்பதால், எனக்குக் குடியிருக்க வீடு தேவையில்லை. சேமிப்பில் உள்ள 12 லட்ச ரூபாயை நிலத்திலோ வீட்டிலோ போட நினைக்கிறேன். ரெட்டியார்பட்டிக்குத் தெற்கே ஒரு மனைப்பிரிவில் 5 சென்ட் பார்த்திருக்கிறேன். விற்பவர் வில்லங்கச் சான்றைக் காட்டி, சொத்து சுத்தமானது என்றும் மூன்றே ஆண்டுகளில் விலை இரட்டிப்பாகும் என்றும் சொல்கிறார். இதை வாங்கலாமா, அல்லது டவுனில் பழைய வீடு ஒன்றை வாங்கி வாடகைக்கு விடுவது நல்லதா? இதில் எனக்கு முன்னனுபவம் ஏதும் இல்லை.

மூலப்பத்திரம்:
தம்பி, விலை இரட்டிப்பாவதை அப்புறம் பேசலாம். அந்த இடத்தை விற்கும் உரிமை அவருக்கு இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களின் பட்டியலே தவிர, உரிமைக்கான உத்தரவாதம் அன்று. பதிவு செய்யப்படாத உயிலோ வாய்மொழிப் பாகப்பிரிவினையோ அதில் ஏறாது. நம் பக்கத்தில் பெரும்பாலான வழக்குகள் இங்கேதான் முளைக்கின்றன: தகப்பனார் பெயரில் இருந்த புஞ்சையை ஊரில் இருக்கும் மூத்த மகன் விற்றிருப்பார், மும்பைக்குப் போன தம்பியும், நாங்குநேரியில் கட்டிக்கொடுத்த தங்கையும் கையெழுத்திட்டிருக்க மாட்டார்கள், மனைகளில் வீடு எழும்பிய பிறகு அவர்கள் பாகம் கேட்டு வருவார்கள். ஆகவே குறைந்தது 30 ஆண்டுகளுக்கு மூலப்பத்திரங்களை, அதாவது அந்த இடம் முன்பு கைமாறிய பத்திரங்களை, வரிசையாக வாங்கி, ஒவ்வொரு கைமாற்றத்திலும் வாரிசுகள் அனைவரும் ஒப்பமிட்டிருக்கிறார்களா என்று வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிப் பாருங்கள். பவர் பத்திரத்தின் (உரிமையாளர் தன் சார்பில் விற்க இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) பேரில் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் விசாரியுங்கள். அவர் இறந்துவிட்டால் சாதாரண பவர் செல்லாது.

மனைப்பிரிவு என்பதால் இன்னொன்றும் உண்டு. 500 சதுர மீட்டரையும் எட்டு மனைகளையும் தாண்டிய பிரிவை ரெராவில் (மனை, வீட்டு விற்பனையை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையம்) பதியாமல் விளம்பரம் செய்யவே கூடாது. பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்திட்ட வரைபடத்தை 'அப்ரூவல்' என்று நீட்டினால், நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி எண்ணைக் கேளுங்கள். 2016 அக்டோபர் 20-க்குள் மனையாகப் பதிவாகாமலும் அங்கீகாரம் பெறாமலும் இருக்கும் இடத்தை இப்போது மனையாகப் பதிய இயலாது. கடன் தேவையில்லை என்றாலும் வங்கியில் ஒரு விண்ணப்பம் போட்டுப் பார்க்கலாம் என்பது என் கருத்து. வங்கி தயங்கும் பத்திரத்தை நீங்கள் துணிந்து வாங்க வேண்டியதில்லை.

குளத்தங்கரை:
பத்திரம் சரியாக இருந்தாலும் மண்ணையும் பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் நெல்லை சந்திப்பும் வண்ணார்பேட்டையும் வெள்ளத்தில் எப்படிக் கிடந்தன என்பதை எல்லோரும் பார்த்தோம். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேடு என்ற நிலப் பதிவேட்டிலும் புல வரைபடத்திலும் அந்தச் சர்வே எண்ணைச் சுற்றிக் குளமோ ஓடையோ வாய்க்காலோ குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழைக்கு மறுநாள் ஒரு முறை போய் நில்லுங்கள். சித்திரையில் எல்லா மனையும் மேட்டு மனையாகத்தான் தெரியும்.

ரதவீதி:
டவுன் வீட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இங்குள்ள பழைய வீடுகளில் கட்டடம் மட்டும் விற்பவருடையதாகவும், அடிமனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமானதாகவும் இருப்பதுண்டு. அத்தகைய வீட்டை வாங்கினால் மண் உங்களுடையது ஆகாது. அடுத்தது ஒத்தி. குடியிருப்பவர் சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகையின்றி இருப்பார். அந்த ஒத்தி ஒப்பந்தம் வெறும் முத்திரைத்தாளில் எழுதப்பட்டு, பதிவு செய்யப்படாததால் வில்லங்கச் சான்றில் வராது. எனவே வீட்டுக்காரரை மட்டும் கேட்காமல், கதவைத் தட்டிக் குடியிருப்பவரிடமே எந்த அடிப்படையில் இருக்கிறார் என்று கேளுங்கள். ஒத்திப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு யாருடையது என்பதைக் கிரைய உடன்படிக்கையிலேயே எழுதிவிட வேண்டும். இவ்வளவும் சரியாக அமைந்தால், மாதந்தோறும் வாடகை தரும் சிறிய வீட்டையே நான் தேர்ந்தெடுப்பேன். காலி மனை விற்கும் நாள்வரை ஒரு ரூபாயும் தராது. உடைமரம் வெட்டவும் எல்லைக்கல்லைக் காக்கவும் நாம்தான் செலவழிக்க வேண்டும்.

பேட்டைக்காரன்:
மிக்க நன்றி. 10 லட்ச ரூபாய்க்கு வாங்கினால் பதிவுச் செலவு எவ்வளவு ஆகும்? மனைவி பெயரில் வாங்கினால் குறையுமா?

மூலப்பத்திரம்:
கிரையத் தொகை, அரசின் வழிகாட்டி மதிப்பு ஆகிய இரண்டில் எது கூடுதலோ, அதன்மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் கட்ட வேண்டும். ஆக 10 லட்சத்துக்கு 90,000 ரூபாய். 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணம் 2 சதவீதத்துக்குப் பதில் 1 சதவீதம்தான்; உங்களுக்கு 10,000 ரூபாய் மிச்சமாகும். ஆனால் பணம் உங்களுடையது என்றால், வாடகை வருமானத்தை வருமான வரிக் கணக்கில் நீங்கள்தான் காட்ட வேண்டும். முன்பணத்தையும் வங்கி வழியாகவே கொடுங்கள். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை.