உதவி: பச்சைப் பலகை சாம்சங் பி-டை ராம், 1.45 வோல்ட் கொடுத்தால் பூட் ஆகவில்லை

சுக்குகாப்பி:
வணக்கம். ரிச்சி தெருவில் பழைய அலுவலகக் கணினிகளைப் பிரித்து விற்கும் ஒரு கடையில் 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு வாங்கினேன். ஹீட்சிங்க் இல்லாத பச்சைப் பலகைதான். ஸ்டிக்கரில் சாம்சங், பிசி4-2400 என்று இருக்கிறது. இரண்டும் சேர்த்து 1,500 ரூபாய். பாகத்தின் எண் எம்378ஏ1கே43பிபி2-சிஆர்சி. வீட்டுக்கு வந்து தேடினால் இது பி-டை (சாம்சங் மெமரி சிப்பின் ஒரு தலைமுறை), ஓவர்க்ளாக் செய்பவர்கள், அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுபவர்கள், தேடி அலையும் சரக்கு என்கிறார்கள். சந்தோஷம் தாங்கவில்லை.

ப்ராசசர் ரைசன் 5 3600, பி450 போர்டு, நான்கு ஸ்லாட்டில் 2, 4 இரண்டிலும் ராம். பயாஸ் புதிதாக்கியாகிவிட்டது. 2400இல் எந்தத் தொல்லையும் இல்லை. எக்ஸ்எம்பி ப்ரொஃபைல் (கூடுதல் வேகத்துக்கான தயார் அமைப்பு) கிடையாது என்பதால் எல்லாவற்றையும் கையால்தான் போட வேண்டியிருக்கிறது.

பி-டைக்கு எல்லோரும் சொல்கிற கணக்கில் 3200 வேகம், 14-14-14-34 டைமிங் (ராம் காத்திருக்கும் சுற்றுகள், முதல் எண் சிஎல்), 1.45 வோல்ட் கொடுத்தேன். விசிறி சுற்றுகிறது, போர்டில் மெமரிக்கான டிராம் விளக்கு எரிகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. தானாக அணைந்து எழுந்து, கடைசியில் 2400க்கே வந்துவிடுகிறது. டைமிங்கை 16-18-18-38 என்று தளர்த்தினேன், அதே கதை. 3000க்கு இறக்கினாலும் அதேதான். போர்டு கோளாறா, ராம் கோளாறா?

மின்னல்மணி:
பி-டை வோல்டேஜ் சாப்பிடும் நண்பா, பயப்படாதே. 1.5 போடு. எஸ்ஓசி வோல்டேஜை (ப்ராசசரில் மெமரியைக் கவனிக்கும் பகுதிக்குப் போவது) 1.1 ஆக்கு. எனக்கு அப்படித்தான் ஓடியது.

சுக்குகாப்பி:
1.5 போட்டுப் பார்த்தேன். இப்போது 2933கூட எழவில்லை. 1.45இல் 2933 எப்போதாவது ஒரு தடவை எழுந்தது, இப்போது அதுவும் போச்சு.

ரேங்க்ராசா:
முதலில் 1.5ஐ எடுத்துவிடுங்கள். தரமான பி-டைக்கு 1.5 ஒன்றும் செய்யாது. ஆனால் கையில் இருப்பது என்னவென்று உறுதியாகாமல் அவ்வளவு கொடுப்பது தேவையில்லாத வேலை.

நீங்கள் சொன்னதிலேயே ஒரு தடயம் இருக்கிறது. வோல்டேஜ் ஏற ஏற நிலைமை மோசமாகிறது. பி-டை அப்படி நடந்துகொள்ளாது. வோல்டேஜ் கொடுக்கக் கொடுக்க டைமிங்கை இறுக்க விடும், அதற்குத்தான் அதற்கு இவ்வளவு பெயர். வோல்டேஜ் கூடினால் பூட் ஆகவே மறுப்பது சாம்சங்கின் இன்னொரு சிப்பின் குணம், 8 ஜிகாபிட் சி-டை. 1.35ஐத் தாண்டினாலே அதற்கு ஆகாது.

அதனால் இரண்டு ஸ்டிக்கரையும் தனித்தனியாகப் படித்து எழுதுங்கள். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதும் அதேதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த எண்ணில் 43க்கு அடுத்து வரும் ஒற்றை எழுத்துதான் டை. பி என்றால் பி-டை, சி என்றால் சி-டை, டி என்றால் டி-டை. மற்றதெல்லாம் ஒன்று போலவே இருக்கும். கடைசியில் வரும் சிஆர்சி 2400 என்ற வேகத்தை மட்டும்தான் சொல்லும், டையைச் சொல்லாது.

கழற்ற அலுப்பாக இருந்தால் சிபியூ-இசட் மென்பொருளைத் திறந்து எஸ்பிடி (ராம் தன் விவரத்தைப் பதிந்து வைத்திருக்கும் சிறு சிப்) பக்கத்தில் ஸ்லாட்டை மாற்றி மாற்றிப் பாருங்கள். இரண்டின் பாக எண்ணும் தெரியும்.

சுக்குகாப்பி:
அடப்பாவி! ஸ்லாட் 4இல் 43பிபி2. ஸ்லாட் 2இல் 43சிபி2! கடையில் ஒன்றைத்தான் கையில் வாங்கிப் பார்த்தேன், இன்னொன்றை அவரே கவரில் போட்டுக் கொடுத்தார்.

ஆனால் ஒரு சந்தேகம். எஸ்பிடியை மாற்றி எழுதலாம், ஸ்டிக்கரை மாற்றி ஒட்டலாம் என்கிறார்களே. இதை நம்பலாமா?

ரேங்க்ராசா:
நல்ல கேள்வி. ஹீட்சிங்க் இல்லாதது இங்கே உங்களுக்கு லாபம், சிப்பையே படிக்கலாம். செல்பேசியில் டார்ச் அடித்துச் சாய்வாகப் பிடியுங்கள். கே4ஏ8ஜி085டபிள்யூ என்று ஓடி, அதற்கடுத்து ஓர் எழுத்தில் நிற்கும். அந்த எழுத்தும் எஸ்பிடி சொல்வதும் ஒன்றாக இருந்தால் கவலையில்லை. பலகையில் எட்டு சிப் இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் 8 ஜிகாபிட். ஸ்டிக்கரில் 1ஆர்எக்ஸ்8 என்று இருப்பதும் இதைத்தான் சொல்கிறது.

தைபூன் பர்னர் போன்ற மென்பொருள் டை பெயரை நேராகவே காட்டும். ஆனால் அது சிப்பை உள்ளே போய்ப் பார்த்துச் சொல்வதில்லை. எஸ்பிடியில் உள்ள எண்ணை வைத்து அனுமானிக்கிறது. சாம்சங் தன் பெயரிலேயே விற்கும் பலகையில் அனுமானம் பெரும்பாலும் சரியாக இருக்கும். வேறு கம்பெனி சிப் வாங்கி ஹீட்சிங்க் மாட்டி விற்கும் ராமில் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், ஒவ்வொன்றையும் தனியாகப் போட்டுச் சோதியுங்கள். பி-டையை மட்டும் போட்டு உங்கள் பழைய கணக்கு, சி-டையை மட்டும் போட்டு 3200, 16-20-20-40, 1.35 வோல்ட். ஒற்றை ராமைப் போர்டின் கையேடு சொல்லும் ஸ்லாட்டிலேயே போடுங்கள், பெரும்பாலும் ப்ராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது.

லினக்ஸ்லிங்கம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். விண்டோஸ் இல்லாதவர்கள் ஐ2சி-டூல்ஸ் நிறுவி டீகோட்-டிம்ஸ் என்று ஓட்டினால் அதே எஸ்பிடி விவரம் கிடைக்கும். பாக எண் மட்டும் போதும் என்றால் டிஎம்ஐடீகோட் போதும்.

சுக்குகாப்பி:
சிப்பிலும் ஒன்றில் பி, ஒன்றில் சி. சோதித்தேன்.

பி-டை தனியாக: 3200, 14-14-14-34, 1.45 வோல்ட். உடனே எழுந்தது, விண்டோஸ் வரை போனது. சி-டை தனியாக: 1.45 வோல்டில் எழவே இல்லை. 1.35இல் 16-20-20-40 போட்டதும் ஒன்றும் நடக்காதது போல எழுந்து உட்கார்ந்துவிட்டது!

இப்போது இரண்டையும் சேர்த்து எப்படி ஓட்டுவது? பி-டைக்கு ஒரு டைமிங், சி-டைக்கு ஒரு டைமிங் கொடுக்க முடியுமா?

ரேங்க்ராசா:
முடியாது. இந்த போர்டுகளில் இரண்டு சேனலுக்கும் வோல்டேஜும் ஒன்று, டைமிங்கும் ஒன்று. வண்டியில் பூட்டிய இரண்டு மாட்டில் மெதுவாக நடக்கும் மாட்டின் வேகம்தான் வண்டிக்கு. சி-டைக்கு எது ஒத்துக்கொள்ளுமோ அதையே இரண்டுக்கும் கொடுங்கள்.

வேகம் 3200, எஃப்சிஎல்கே (ப்ராசசரின் உள் இணைப்பு வேகம்) 1600, வோல்டேஜ் 1.35. முதன்மை டைமிங் 16-20-20-40. சி-டை அமைதியாக இருந்தால் பிறகு டிஆர்சிடியை (அந்த இரண்டாவது எண்) 19, 18 என்று ஒவ்வொன்றாகக் குறையுங்கள். பயாஸில் கியர்டவுன் மோட் என்ற அமைப்பு ஆனில் இருந்தால் சிஎல் 15 போட்டாலும் போர்டு அதை 16 ஆக்கிவிடும், அதில் நேரத்தை விரயம் செய்ய வேண்டாம்.

பலர் சறுக்குவது டிஆர்எஃப்சியில்தான், அதாவது சிப் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள (ரிஃப்ரெஷ்) எடுக்கும் நேரத்தில். பி-டை 180 நானோநொடிக்குள் முடித்துவிடும். 3200இல் ஒரு சுற்று 0.625 நானோநொடி, ஆக 288 போட்டால் போதும். சி-டைக்கு 300 முதல் 340 நானோநொடி வரை வேண்டும். இணையத்தில் பி-டைக்கென்று யாரோ போட்ட அட்டவணையை அப்படியே ஏற்றினால் இந்த இடத்தில் உடையும். 560 போடுங்கள். அது 350 நானோநொடி, மெமரிக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பு 8 ஜிகாபிட் சிப்புக்கு வைத்திருக்கும் அளவே அதுதான்.

விண்டோஸ் எழுந்துவிட்டது என்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். முதலில் பென்டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86 ஓட்டுங்கள். விண்டோஸுக்குள் போகாமலே சோதிப்பதால் கோப்புகள் கெடாது. அது தேறினால் டெஸ்ட்மெம்5, அண்டா777 கான்ஃபிக் வைத்து. ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். "கேம் நன்றாக ஓடுகிறதே" என்று விட்டவர்கள் பிறகு விண்டோஸை மறுபடி நிறுவிக்கொண்டிருப்பார்கள்.

மின்னல்மணி:
என் 1.5 யோசனையைத் தூக்கிப் போடுங்கள். ஆனால் 3600 வரை போகலாமே, ரைசன் 3600க்கு அதுதானே நல்ல இடம்?

ரேங்க்ராசா:
ப்ராசசருக்கு நல்ல இடம்தான், எஃப்சிஎல்கே 1800 அதில் சாதாரணமாக ஓடும். தடை இந்தச் சி-டை. கணக்குப் பார்ப்போம். 2400இல் சிஎல் 17 என்றால் 14.2 நானோநொடி தாமதம். 3200 சிஎல் 16 என்றால் 10. 3600 சிஎல் 18 என்றாலும் அதே 10. கூடுவது நொடிக்குப் போகும் தரவின் அளவு மட்டும்: இரட்டைச் சேனலில் 2400க்கு நொடிக்கு 38.4 ஜிபி, 3200க்கு 51.2, 3600க்கு 57.6. பெரிய தாவல் 2400இலிருந்து 3200க்கு வரும்போதே கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் போவது என்னைப் போன்ற வேலையற்றவர்களுக்கு.

சுக்குகாப்பி:
3200, 16-19-19-38, டிஆர்எஃப்சி 560, 1.35 வோல்ட், எஸ்ஓசி 1.05. மெம்டெஸ்ட்86 இரவு முழுக்க ஓடி ஒரு பிழையும் இல்லை. டெஸ்ட்மெம்5ம் சுத்தம். டிஆர்சிடி 18 போட்டால் டெஸ்ட்மெம்5இல் பிழை வருகிறது, அதனால் 19இலேயே விட்டுவிட்டேன்.

கடைசியாக ஒன்று. சி-டையைக் கொடுத்துவிட்டு இன்னொரு பி-டை வாங்கலாமா? ஹீட்சிங்க் வேண்டுமா?

ரேங்க்ராசா:
கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் மாற்றுங்கள், அதற்காகத் தனியாகப் பணம் செலவழிக்கும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. போனால் ஸ்டிக்கரில் 43க்கு அடுத்த எழுத்தையும் சிப்பில் உள்ள எழுத்தையும் அங்கேயே பாருங்கள். பக்கத்திலேயே சர்வரில் கழற்றிய 16 ஜிபி ராம் மலிவாகக் குவிந்திருக்கும். ஸ்டிக்கரில் வேகத்துக்குப் பக்கத்தில் ஆர் எழுத்து இருந்தால் அது ரெஜிஸ்டர்டு வகை, உங்கள் போர்டில் ஓடாது. உங்களுடையதில் யு இருக்கும், அதுதான் வேண்டும்.

1.35க்கு ஹீட்சிங்க் தேவையே இல்லை. இரண்டும் பி-டை ஆகி 1.45 கொடுத்தால் மட்டும் யோசியுங்கள். பி-டை 50 டிகிரியை நெருங்கினால் இறுக்கமான டைமிங்கில் பிழை விட ஆரம்பிக்கும், கிராஃபிக்ஸ் கார்டின் சூடு நேராக அதன்மேல்தான் ஏறும். பச்சைப் பலகைகளில் பெரும்பாலும் வெப்ப உணரி இல்லாததால் உங்களுக்குத் தெரியவும் வராது. ஒரு சின்ன விசிறியைத் திருப்பி வைத்தால் போதும்.

கரிசல்காடு:
இதே இழையில் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். என்னிடம் மைக்ரான் சிப். மேலே டி9விபிபி என்று மட்டும் இருக்கிறது, வேறு எண்ணே இல்லை. இது என்ன?

ரேங்க்ராசா:
டி9 என்று தொடங்குவது மைக்ரானின் குறியீடு. முழு எண்ணைச் சிப்பில் அச்சிட இடமில்லாததால் ஐந்தெழுத்தில் சுருக்குவார்கள். மைக்ரான் தளத்திலேயே அதைப் போட்டு முழு எண்ணை எடுக்கலாம். டி9விபிபி என்பது 8 ஜிகாபிட் இ-டை. அதிர்ஷ்டக்காரர் நீங்கள். வேகத்தில் நன்றாக ஏறும், வோல்டேஜ் கூட்டினால் சிஎல் இறங்கும். டிஆர்சிடி மட்டும் எவ்வளவு வோல்டேஜ் கொடுத்தாலும் அசையாது. 1.35இல் 3600, 16-19-19 முயன்று பாருங்கள். எந்த போர்டு, எந்த ப்ராசசர் என்று எழுதுங்கள், மீதியைப் பார்க்கலாம்.