ஒட்டுப் பல் பாலம் உங்களுக்கு எத்தனை வருஷம் தாங்கியது?

வணக்கம் நண்பர்களே, ஒரு சின்ன உதவி. மேல்வரிசையில் முன்பல்லுக்குப் பக்கத்துப் பல் எனக்குப் பிறவியிலேயே முளைக்கவில்லை. அந்த இடத்தில் ஆறு வருஷத்துக்கு முன்னால் மேரிலாண்ட் பிரிட்ஜ் வைத்தேன், அதாவது பக்கத்துப் பற்களை ராவாமல், செயற்கைப் பல்லை அவற்றின் பின்பக்கம் உலோக இறக்கை வைத்து ரெசின் பசையால் ஒட்டுவது. இரண்டு பக்கமும் இறக்கை. போன வாரம் ஃப்ளாஸ் நூல் ஒரு இறக்கைக்கு அடியில் சுலபமாக நுழைந்துவிட்டது. நாக்கால் தடவினால் விளிம்பு தட்டுப்படுகிறது. வலியே இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது, ஏனென்றால் மறுபக்கம் பிடித்துக்கொண்டிருப்பதால் பாலம் விழாது, ஆனால் விட்ட பக்கத்தில் எச்சிலும் உணவும் புகுந்து சத்தமில்லாமல் சொத்தை வரும்.

ஒரு மருத்துவர் கழற்றி மறுபடி ஒட்டலாம் என்கிறார். இன்னொருவர், விட்ட இறக்கையை வெட்டிவிட்டு ஒற்றை இறக்கையிலேயே விடலாம், முன்பற்களுக்கு அதுதான் நல்லது என்கிறார். படித்த வரையில் அவர் சொல்வது சரி என்றே படுகிறது: இரண்டு பற்களும் கடிக்கும்போது தனித்தனியாக அசைவதால்தான் பசை விடுகிறதாம். 2008இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, 5 வருஷத்தில் 100க்கு சுமார் 88 பாலங்கள் நிற்கும் என்கிறது.

உங்களில் யாருக்காவது 10 வருஷம் தாண்டியதா? மறுபடி ஒட்டியது எத்தனை நாள் நின்றது? அப்புறம், உலோகத்திலிருந்து ஸிர்கோனியாவுக்கு (வெள்ளைப் பீங்கான் வகை) மாறியவர்கள் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை மருத்துவரைப் பார்க்கிறேன்.