மறு: முகவரிப் பெயர்ப்பா, பெயர்வா?

அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளி காலை பாடக்குறிப்பு அச்சுக்குப் போகவேண்டும். உள்வலையமைப்பில் இருக்கும் கணினியின் முகவரியை எல்லையில் வெளிமுகவரியாக மாற்றும் நாட் (NAT, Network Address Translation) என்பதற்குத் தமிழில் எந்தச் சொல் என்பதுதான் கேள்வி. என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்று வகுப்பில் தொலைபேசிச் சேவையகம் ஒன்றைத் தீச்சுவருக்கு (firewall) பின்னால் வைத்து அழைத்துப் பார்த்தோம். மணி அடித்தது. எடுத்தால் நாங்கள் கதைப்பது அங்கே கேட்கிறது, அவர்கள் கதைப்பது இங்கே கேட்கவில்லை. தரவுப் பொதியின் (packet) தலைப்பில் இருந்த சேவையகத்தின் உள்முகவரி 192.168.1.20 ஐத் தீச்சுவர் மாற்றி வெளிமுகவரியைப் போட்டுவிட்டது. அழைப்பை ஏற்படுத்தும் சிப் (SIP) செய்திக்கு உள்ளே, குரலை எங்கே அனுப்புவது என்று சொல்லும் வரியில், பழைய முகவரியே கிடந்தது. உறையில் ஒரு விலாசம், கடிதத்துக்குள் வேறொன்று. சேவையகத்துக்கு அதன் வெளிமுகவரியைச் சொல்லிக்கொடுத்து, தீச்சுவரில் சிப் செய்திக்கான 5060 ஆம் போர்ட்டையும் (port), குரலுக்கு அஸ்டெரிஸ்க் என்ற தொலைபேசிச் சேவையக மென்பொருள் வழக்கமாக எடுக்கும் 10000 முதல் 20000 வரையான போர்ட்டுகளையும் திறந்த பிறகுதான் சரி வந்தது.

> முகவரிப் பெயர்வு என்றால் சுருக்கமாக இருக்கும்.

பெயர்வு தன்வினை. சேவையகம் எங்கும் போகவில்லை. அதன் முகவரியை இன்னொருவர் பெயர்க்கிறார். பிறவினைதான் வேண்டும். அதோடு யாழ்ப்பாணத்தில் பெயர்வு என்றால் இடப்பெயர்வு. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து நடந்தவர்களின் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அந்தச் சொல்லை நான் இதற்கு எழுதமாட்டேன்.

> மெய்பிறிதாதலும் திரிபுதானே? முகவரித் திரிபு என்க.

ஐயா, தொல்காப்பியம் மெய்பிறிதாதல் என்று சொல்வதுபோல, இரு சொற்கள் சேரும் எல்லையில் ஓரெழுத்து இன்னோரெழுத்தாவது இதற்கு அழகாகப் பொருந்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் இன்று செய்தியைத் திரித்தார்கள் என்றுதான் சனம் கேட்கிறது. வலையமைப்பு வேலைக்கான பற்றுச்சீட்டில் 'முகவரித் திரிபு' என்று கண்டால் கடைக்காரர் பயந்துபோவார். பெயர்த்தலும் தொல்காப்பியச் சொல்தான்: 'மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்'.

> பேசாமல் நாட் என்றே எழுதுங்கோ அண்ணை.

தம்பி, வேற்றுமை உருபை ஏற்றிப் பாருங்கள். 'நாட்டை நிறுத்தவும்', 'நாட்டில் பிழை'. குறிப்பில் அச்சடிக்கலாமா?

போர்ட்டுக்குத் 'துறை' போதும், 'இணைப்புவாயில்' வேண்டாம். காங்கேசன்துறை, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை என்று துறைகளுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளைகள். ஒரே கரை, பல துறை, ஒவ்வொன்றிலும் வேறு சரக்கு இறங்கும் என்றதும் ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. அந்த 10000 முதல் 20000 வரை ஏன் என்றுகூட யாரும் கேட்கவில்லை.

இதுவரை நால்வர் 'முகவரிப் பெயர்ப்பு' என்கிறார்கள். சென்னை நண்பர் 'முகவரி மாற்றம்' என்றே நிற்கிறார். வீடு மாறியவர் வங்கிக்குக் கொடுக்கும் படிவம்தான் எனக்கு நினைவு வருகிறது. ஐயா திரிபை விடவில்லை. வெள்ளிக்குப் 'பெயர்ப்பு' என்று அனுப்புகிறேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. கரும்பலகையில் அதை எழுதியதும் முன்வரிசைப் பிள்ளை கேட்டாள்: "முகவரியைச் சிங்களத்தில எழுதுறதோ சேர்?" மொழிபெயர்ப்பின் நிழல் அது. அதைப் போக்க வழி தெரிந்தவர்கள் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.